பகல்ல பட்டினி, ராத்திரி சப்பர்: ஹால்ல ஏறுன ஆறு கிலோ

தங்கச்சி, நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியட்டும்னு சுருக்கமா சொல்லிடறேன்: வயசு 20, யூனியில ரெண்டாவது வருஷம், உயரம் 160 சென்டிமீட்டர், போன வருஷம் ஆகஸ்ட்ல ஹாலுக்கு (யூனி ஹாஸ்டலுக்கு) மாறுனப்ப 58 கிலோ, இப்ப 64, போன்ல இருக்கற கலோரி ஆப் நாளைக்கு 1200தான்னு சொல்லுது, அதனால காலையிலயும் மத்தியானமும் ஒண்ணும் சாப்பிடறதில்ல, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆரம்பிச்சா நிறுத்த முடியல, ரெண்டு மாசமா பீரியட் வரல, டிசம்பர்ல அக்காவுக்கு நிச்சயதார்த்தம், ப்ளவுஸுக்கு அளவு குடுக்கணும், ஃப்ரெண்டு ஒருத்தி ஸ்லிம்மிங் டீ குடுத்திருக்கா. கேள்வி ரெண்டு. இதெல்லாம் ஸ்ட்ரெஸ்ஸாலயா, எந்த டயட் சீக்கிரமா கேக்கும்.

நான் டயட்டீஷியன், பதினெட்டு வருஷமா இதே பொழப்பு. நீ, வா, போன்னு உரிமையா பேசறேன், தப்பா எடுத்துக்காத, என் மூத்தவ உன்னைவிட ஒரு வயசுதான் சின்னவ.

முதல்ல பதிலச் சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். அந்த டீயத் தொடாத. டயட் எதுவும் வேண்டாம், இப்போதைக்கு. ரெண்டு மாசமா பீரியட் வரலன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டியே, எனக்கு அந்த 64ஐ விட அதான் பெருசாத் தெரியுது, இந்த வாரமே டாக்டரப் பாரு.

சரி, எடைக்கு வர்றேன். 58 கிலோவுல உன் பிஎம்ஐ (உயரத்த வச்சு எடையப் பாக்கற கணக்கு) 22.7, 64ல சரியா 25. சிங்கப்பூர்ல நமக்குக் கோடு 23லயே போட்டிருக்காங்க, அதுக்கு மேல சர்க்கரை, இதய நோய் ரிஸ்க் நடுத்தரம், 27.5க்கு மேல அதிகம். வெள்ளைக்காரங்களுக்கு 25, 30ன்னு வச்சிட்டு நமக்கு மட்டும் ஏன் கீழன்னு கேப்ப. 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு போட்டோ வந்துச்சு, புனேல இருக்கற டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. பாக்கறதுக்கு ரெண்டு பேரும் ஒல்லிதான். அதனால இந்தியக் குடும்பத்துல பொறந்தவங்க சர்க்கரை விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருக்கணும்ங்கறது நெசம், சிங்கப்பூர்ல சீனர்களை விட நம்ம ஆளுங்களுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம். ஆனா அதே போட்டோ இன்னொண்ணும் சொல்லுதுல்ல, பிஎம்ஐங்கற அந்த ஒத்த நம்பர வச்சு உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு. இடுப்பளவு, ரத்தத்துல சர்க்கரை, பிரஷர் எல்லாம் டாக்டர் பாக்கட்டும், நீ தினம் டேப்ப எடுத்துக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்காத.

ஆறு கிலோவ ஏதோ நீ பேய் மாதிரி தின்னதால வந்ததுன்னு எழுதியிருக்க. கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7700 கலோரின்னு வச்சுக்குவோம், ஆறு கிலோவுக்கு 46,200, ஆகஸ்ட்லருந்து ஏறக்குறைய 400 நாள், வகுத்தா நாளைக்கு 115 கலோரி வருது. ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கும் (நுரை வர ஆத்துன பால் டீக்கும்) கம்மி. அதுவும் ஆறு கிலோவும் கொழுப்புன்னா. ராத்திரி இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மசாலாவோட சாப்பிட்டா அந்த உப்பு மறுநாள் தண்ணியப் புடிச்சு வைக்கும், பீரியடுக்கு முன்னாடி சில பேருக்கு ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணியாவே ஏறும். ஒரு நாள் பட்டினி கிடந்து மறுநாள் மெஷின்ல ஒண்ணரை கிலோ இறங்கிடுச்சுன்னு சந்தோஷப்படுறோமே அதுவும் தண்ணிதான், தசையிலயும் ஈரல்லயும் சேர்த்து வச்ச கிளைகோஜன் கரையும்போது ஒவ்வொரு கிராமும் கூட மூணு கிராம் தண்ணிய இழுத்துக்கிட்டுப் போகும், சாப்பிட்ட உடனே திரும்ப வந்துடும். அது வந்ததும் நீ அழுதுட்டு சப்பருக்குப் போயிடுவ.

இப்ப அந்த பதினோரு மணிக்கு வருவோம், உன் கேள்விக்கு உண்மையான பதில் அங்கதான் இருக்கு. உனக்குக் கட்டுப்பாடு இல்லன்னு நாலு இடத்துல எழுதியிருக்க. காலையிலருந்து பதினாறு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம லெக்சர், லேப், ட்யூட்டோரியல், சிசிஏ (பாடத்துக்கு வெளிய உள்ள நடவடிக்கை) பிராக்டிஸ் எல்லாம் பாத்துட்டு வர்ற பொண்ணுக்கா கட்டுப்பாடு இல்ல? உனக்கு இருக்கறது பசி. பகல்ல வாங்குன கடன உடம்பு ராத்திரி வட்டியோட வசூல் பண்ணுது, அவ்வளவுதான்.

இத நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. 1944 கடைசியில அமெரிக்காவுல மினசோட்டா யூனிவர்சிட்டில ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 வாலிபர்கள வச்சு ஒரு சோதனை பண்ணுனாரு, போர் முடிஞ்சா பட்டினியில கிடக்கற ஜனங்களுக்கு எப்படி சாப்பாடு குடுத்துத் தேத்தறதுன்னு தெரிஞ்சுக்க. எல்லாரும் உடம்பும் மனசும் தெம்பா இருக்கறவங்களாப் பாத்துப் பொறுக்கி எடுத்தவங்க. 24 வாரம் சாப்பாட்டக் குறைச்சாங்க. எவ்வளவு குடுத்தாங்க தெரியுமா, சுமாரா 1600 கலோரி. உன் ஆப் உனக்குப் போட்டிருக்கறத விட 400 அதிகம் (அவங்க ஆம்பளைங்க, நிறைய நடக்கவும் வச்சாங்க, அது வேற, ஆனாலும்). கொஞ்ச நாள்ல அவங்களுக்கு சாப்பாட்டத் தவிர வேற நெனப்பே இல்ல. சமையல் புஸ்தகத்த வாங்கி அடுக்குனாங்க, தட்ட வழிச்சு நக்குனாங்க, ஒரு வேளைச் சாப்பாட்ட மணிக்கணக்கா வச்சு வச்சுத் தின்னாங்க, எரிச்சல், சோகம், யாரோடயும் பேசப் புடிக்கல. அப்புறம் திரும்ப நிறைய சாப்பாடு குடுத்தப்ப சில பேருக்கு வயிறு முட்ட முட்டத் தின்னும் பசி அடங்கல, மாசக்கணக்கா. இந்தப் பசங்களுக்கு யாரும் குண்டுன்னு சொல்லல, அக்கா நிச்சயதார்த்தமும் இல்ல. வெறும் பட்டினியே அப்படிப் பண்ணுச்சு. பிஎம்ஐங்கற பேர 1972ல வச்சதும் இதே ஆன்சல் கீஸ்தான், எடைய அளக்க எல்லாரும் அவர் வச்ச பேரச் சொல்றோம், பட்டினியப் பத்தி அவர் கண்டுபிடிச்சத யாரும் சொல்றதில்ல.

என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, பேர் ஊர் வேண்டாம், போன்ல நோட்ஸ்ல எழுதி வச்சிருந்தா. திங்கக்கிழமை, காலை: தண்ணி. மதியம்: கறுப்புக் காப்பி. அஞ்சு மணி: ஆப்பிள், அதுக்குப் பக்கத்துல 52ன்னு கலோரி வேற. அப்புறம் ராத்திரி 11.40க்கு நேரா வெறும் ஒரு கோடு. என்னம்மா இதுன்னு கேட்டா எழுத வெக்கமா இருந்துச்சுக்கான்னா. நானே கேட்டுக் கேட்டு வாங்குனேன், ரெண்டு எக் பிராட்டா, ரூம்மேட்டோட மேகி கோரெங்ல பாதி, ஒரு பாக்கெட் முறுக்கு, அம்மா குடுத்தனுப்புன மைசூர்பாகு மூணு. பகல் பூரா சாப்பிட்டதெல்லாம் பெருமையா நேரா எழுதியிருக்கா, ராத்திரிக்கு மட்டும் கோடு. நான் அந்தக் கோட்டத் தொடவே இல்ல, பிராட்டாவ நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல. காலையில எட்டு மணிக்கு ரெண்டு முட்டையும் ரொட்டியும், மத்தியானம் ஒரு முழுச் சாப்பாடு, நாலு மணிக்கு ஏதாவது, இத மூணு வாரம் பண்ணுன்னேன். அழுதா, இன்னும் குண்டாயிடுவேன்னு சண்டை போட்டா. மூணாவது வாரம் வந்து, அக்கா நேத்து ராத்திரி பிராட்டாவுல பாதிய வச்சுட்டேன், போதும்னு இருந்துச்சுன்னா. ஏதோ பேயப் பாத்த மாதிரி சொன்னா, போதும்ங்கற அந்த உணர்வு வந்தே ஒரு வருஷமாச்சாம்.

இதுல ஸ்ட்ரெஸ் எங்க வருதுன்னா ரெண்டு வழியில வருது. ஒண்ணு நேரா. பரீட்சை, பெல் கர்வ் (மத்தவங்களோட ஒப்பிட்டு கிரேடு போடற முறை), குரூப் ப்ராஜெக்ட்ல வேலை செய்யாத ஆளு, ஹால்ல அடுத்த வருஷம் இடம் கிடைக்க பாயின்ட் சேக்கறதுக்காகப் போற சிசிஏ, இதெல்லாம் ஒரு நாள்ல முடியற டென்ஷன் இல்ல, மாசக்கணக்கா இழுக்கும். திடீர்னு வர்ற பயம் பசிய அடக்கும், நீண்ட நாள் டென்ஷன் அதுக்கு நேர் எதிர், கார்ட்டிசோல்ங்கற டென்ஷன் ஹார்மோன் ஏறி ஏறி இனிப்பு, எண்ணெய்ப் பண்டத்து மேல நாக்கு போகும், கொழுப்பும் வயித்துப் பக்கமா சேர ஆரம்பிக்கும். பரீட்சைக்கு முன்னாடி வர்ற ரீடிங் வீக்ல யாரும் சாலட் வாங்க கியூ நிக்கறதில்ல, பபிள் டீக்குத்தான் நிக்குது.

ரெண்டாவது வழி தூக்கம், என்னைக் கேட்டா இதுதான் பெரிய திருடன். சிகாகோ யூனிவர்சிட்டில பண்ண ஒரு ஆராய்ச்சி, 2004ல வெளி வந்துச்சு, ஆரோக்கியமான 12 பசங்க (இதுலயும் ஆம்பளைப் பசங்கதான், பொண்ணுங்கள வச்சுப் பண்ண யாருக்கும் தோணல பாரு), ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க, இன்னொரு தடவ பத்து மணி நேரம். கம்மியாத் தூங்குனப்ப பசியத் தூண்டற கிரெலின் 28 சதவீதம் கூடிச்சு, போதும்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைஞ்சுச்சு. ரெண்டே ராத்திரி. நீ மூணு மணிக்குப் படுத்து எட்டரை லெக்சருக்கு எந்திரிக்கறேன்னு எழுதியிருக்க, அது எத்தன வாரமா நடக்குதுன்னு நீயே எண்ணிக்கோ. காலையில பசியே இல்லன்னு சொல்றியே, ராத்திரி ஒரு மணிக்கு நூடுல்ஸ் சாப்பிட்டுப் படுத்தா காலையில எப்படிப் பசிக்கும், பசிக்காததால சாப்பிடல, சாப்பிடாததால ராத்திரி பசி. செக்கு மாடு மாதிரி சுத்துது, எங்கயாவது ஒரு இடத்துல நுகத்த அவுக்கணும், சுலபமா அவுக்கக்கூடிய இடம் காலை வேளைதான். காலைச் சாப்பாட்ட சாமி மாதிரி கும்பிடற ஆளு நான் இல்ல, அது இல்லாமலே நல்லா இருக்கறவங்க இருக்காங்க. உனக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான் விஷயம்.

இங்க என் கதை ஒண்ணு. 1994ல நான் செக் ஒன் (உயர்நிலை ஒண்ணு), எந்த ஸ்கூல்னு வேண்டாம். அப்ப ஸ்கூல்ல குண்டா இருக்கற புள்ளைங்க எடையக் குறைக்க டிஏஎஃப்னு (TAF, ட்ரிம் அண்ட் ஃபிட்) ஒரு திட்டம் இருந்துச்சு, 1992லருந்து 2007 வரைக்கும் நடந்துச்சு, அந்த மூணு எழுத்தத் திருப்பிப் படிச்சா என்ன வார்த்தை வரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் ஹால்ல வரிசையா நிக்க வச்சு எடை பாப்பாங்க, டீச்சர் ஒருத்தங்க நம்பரச் சத்தமாப் படிப்பாங்க, இன்னொருத்தங்க எழுதுவாங்க, பின்னாடி நிக்கற முப்பது பேருக்கும் கேக்கும். அப்புறம் ரீசெஸ்ல மத்தவங்க மீ சியாம் வாங்கி உக்காந்து சாப்பிடும்போது நாங்க ஒம்பது பேரு திடல்ல ஓடுவோம், கேன்டீன் அந்தப் பக்கமே திறந்திருக்கும், சம்பால் வாசனை மூக்குல ஏறும். ஓடி முடிச்சு வந்தா மணி அடிச்சிடும். பகல் பூரா ஒண்ணும் சாப்பிடாம வீட்டுக்குப் போயி பள்ளிச் சீருடைய மாத்தறதுக்கு முன்னாடி அடுப்படியில நின்னுக்கிட்டே பழைய சோத்தையும் வத்தக்குழம்பையும் அள்ளித் தின்னது இன்னும் ஞாபகம் இருக்கு, அம்மா வேலையிலருந்து வர்றதுக்குள்ள சட்டியக் கழுவி வச்சிடுவேன். ஒளிஞ்சு சாப்பிடக் கத்துக்கிட்டது அங்கதான். திட்டத்தால எண்ணிக்கை குறைஞ்சுச்சுன்னு சொல்லுவாங்க, இருக்கலாம், எனக்கு அதப் பத்தி நல்ல வார்த்தை சொல்ல வரல.

பீரியட். ரெண்டு மாசம் வரலன்னா காரணம் பல இருக்கலாம். டாக்டர் முதல்ல கர்ப்பமான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க, கோவிச்சுக்காத, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி அது. அப்புறம் தைராய்டு, ப்ரோலாக்டின்னு சில ஹார்மோன் அளவ பாப்பாங்க. கம்மியா சாப்பிட்டு டென்ஷன்லயும் இருந்தா மூளையே கருமுட்டை வேலைய நிறுத்தி வச்சிடும், இந்த உடம்பு இப்ப ஒரு புள்ளையத் தாங்காதுன்னு அதுவா முடிவு பண்ணிக்கும், இதுக்கு எலும்பும் தோலுமா இருக்கணும்னு அவசியம் இல்ல. இன்னொரு பக்கம் பிசிஓஎஸ்ங்கற சினைப்பை ஹார்மோன் கோளாறு, புள்ள பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமாரா பத்துல ஒருத்திக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல இன்சுலின் சரியா வேலை செய்யாது, எடை ஏறும், முகத்துல பரு, தாடையில முடி. கழுத்துக்குப் பின்னாடி, அக்குள்ல கறுப்பா வெல்வெட் துணி மாதிரி இருக்கான்னு பாரு. நம்ம வீடுகள்ல அத அழுக்குன்னு நெனச்சு அம்மாமாரு பீர்க்கங்காய் நார்ல கடலமாவு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு புள்ள கழுத்தையே புண்ணாக்கிடுவாங்க, அது அழுக்கு இல்லம்மா, இன்சுலின் ரத்தத்துல ஏறிக் கிடக்குன்னு தோல் காட்டற அடையாளம். பிசிஓஎஸ் இருந்தா பட்டினி இன்னும் மோசம், ராத்திரிப் பசி இன்னும் அதிகமாத் தாக்கலாம். யூனி ஹெல்த் சென்டருக்குப் போ, இல்ல அரசாங்க பாலிகிளினிக் போ, ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும்னா பாலிகிளினிக் மூலமா போனா மானியக் கட்டணம் கிடைக்கும், நேரா தனியார் கிளினிக் போயி காச விடாத.

அந்த டீ. பேக்கட்டத் திருப்பி சின்ன எழுத்துல சென்னான்னு போட்டிருக்கான்னு பாரு, ஸ்லிம்மிங் டீன்னு விக்கறதுல நிறைய அதான். நம்ம நிலாவாரை இலைதான், பாட்டி காலத்துல பேதியாகறதுக்குக் குடுப்பாங்களே, வியாபாரத்துல திருநெல்வேலி சென்னான்னே பேரு, நம்ம ஊரு சரக்கு ஸ்டைலா டப்பா மாத்தி முப்பது நாப்பது வெள்ளிக்கு வருது. அது வேலை செய்யறது பெருங்குடல்ல, சாப்பாட்டோட கலோரி அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உறிஞ்சியாச்சு, அதனால வெளிய போறது தண்ணியும் உப்பும்தான். தொடர்ந்து குடிச்சா பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பு தடுமாறும். ஆன்லைன்ல விக்கற மாத்திரை, ஜெல்லி, காப்பித்தூள் எல்லாம் இத விட ஆபத்து. சிபுட்ராமின்னு ஒரு மருந்து, இதயத்துக்குக் கேடுன்னு 2010லயே சிங்கப்பூர்ல நிறுத்திட்டாங்க, ஆனா சுகாதார அறிவியல் ஆணையம் இன்னிக்கும் ஏதாவது ஒரு ஸ்லிம்மிங் ஐட்டத்துல அதக் கண்டுபிடிச்சு எச்சரிக்கை விட்டுக்கிட்டே இருக்கு, டப்பாவுல இயற்கை மூலிகைன்னு போட்டிருப்பான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி, 2002ல, ஸ்லிம் 10ன்னு ஒரு மாத்திரையால இங்க ஒரு பெண்மணி ஈரல் கெட்டு இறந்தே போனாங்க, ஒரு நடிகைக்கு ஈரல் மாத்து ஆபரேஷன் நடந்துச்சு. உன் ஃப்ரெண்டு நல்ல மனசோடதான் குடுத்திருப்பா, அவளையும் குடிக்க வேணாம்னு சொல்லு. டிவியிலயும் போன்லயும் எல்லாரும் பேசற அந்த எடை குறைக்கற ஊசி இருக்கே, அது டாக்டர் எழுதிக் குடுத்துதான் போடணும், உன் எடைக்கு அதப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

இனி என்ன சாப்பிடறதுன்னு கேட்டா, ஹால்ல அடுப்பு கிடையாது, காசும் கம்மி, அத வச்சே சொல்றேன். காலையில எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஏதாவது, பசிக்கலன்னாலும். ரூம்ல ரொட்டி, கச்சான் (வேர்க்கடலை) வெண்ணெய், பால் பாக்கெட், வாழைப்பழம் வச்சுக்கோ, கேன்டீன் போக நேரம் இருந்தா ரெண்டு அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டியும், இல்ல இந்திய ஸ்டால்ல தோசையும் சாம்பாரும், சாம்பார இன்னொரு கரண்டி கேட்டு வாங்கு, பருப்பு அதுலதான் இருக்கு. மத்தியானம் எகானமி ரைஸ்ல சோறு வேண்டாம்னு சொல்லாத, பொண்ணுங்க பாதிப் பேரு செய்யற தப்பு இது, சோறும் வேணும், கூட ரெண்டு காய், ஒரு மீனோ முட்டையோ டோஃபுவோ. யோங் தாவ் ஃபூ (டோஃபு, காய், மீன் உருண்டை) சூப்போட நல்லது, மீன் சூப்பும் சோறும் நல்லது. நாலு நாலரைக்கு ஒரு பிடி கச்சானோ ஒரு தயிரோ, இத விட்டுடாத, ராத்திரிய அடக்கறது இந்த நாலு மணிதான். ஏழு மணிக்கு டின்னர். அதுக்கு அப்புறமும் ஃப்ரெண்ட்ஸ் சப்பர் போனா நீயும் போ, பிராட்டா சாப்பிடு, ஹால்ல ஃப்ரெண்ட்ஷிப் வளர்றதே அந்த மேசையிலதான், நான் அதக் கெடுக்க மாட்டேன். வயித்துல ஏற்கெனவே சாப்பாடு இருந்தா ஒண்ணோட எந்திரிச்சு வருவ.

குடிக்கறதுல மட்டும் கொஞ்சம் கறாரா இரு. 2023 டிசம்பர் 30லருந்து பெரிய கடைகள்ல போட்டுத் தர்ற பானத்துக்கும், சி இல்ல டின்னா, நியூட்ரி கிரேட் (சர்க்கரை, கொழுப்பு அளவுக்கு ஏலருந்து டி வரைக்கும் குடுக்கற தரம்) எழுத்து போட்டாகணும், 100 மில்லியில 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா டி. பபிள் டீ வாங்கறப்ப அந்த எழுத்தப் பாரு, சர்க்கரையக் குறைச்சுப் போடச் சொல்லு, முத்து கம்மியா. தே (டீ) வேணும்னா சியூ தாய், அதாவது சர்க்கரை கம்மியா, பழகுனதும் தே சி கோசோங், சர்க்கரையே இல்லாத பால் டீ. சாப்பாட்டோட டீ குடிக்காத, இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. மத்தியானம் மூணு மணிக்கு மேல காப்பி வேண்டாம். தூக்கத்த ஒரே நாள்ல மாத்த முடியாது, ராத்திரி மூணு மணிக்குப் படுக்கறத ரெண்டரையாக்கு, அடுத்த வாரம் ரெண்டு.

ஆப்ப அழிச்சிடு. எடை மெஷின்ல ஏறாத, உன் ரூம்மேட்டோடதுன்னா கட்டிலுக்கடியில தள்ளி வைக்கச் சொல்லு. போன்ல ஒரு நாள்ல நான் என்ன சாப்பிடறேன்னு வீடியோ போடற பொண்ணுங்களயும் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. ஃபிஜித் தீவுல ஒரு பகுதிக்கு 1995ல டிவி வந்துச்சு, அது வரைக்கும் அங்க நல்லா பூசுன உடம்புதான் அழகு, எடையக் குறைக்க வாந்தி எடுத்தேன்னு சொன்ன பள்ளிக்கூடப் பொண்ணு ஒருத்தி கூட இல்ல. மூணு வருஷம் கழிச்சு ஆன் பெக்கர்ங்கற ஆராய்ச்சியாளர் திரும்பக் கேட்டா 11.3 சதவீதம். அது வீட்டுக்கு ஒரு டிவி கூட இல்லாத காலம், உன் கையில இருக்கறது என்னன்னு பாத்துக்கோ.

சொந்தக்காரங்க. நம்மாளுங்களுக்கு வணக்கம் சொல்ற முறையே அதான், ஒல்லியா இருந்தா ஏம்மா சாப்பாடு போடறதில்லையா, கொஞ்சம் சதை போட்டா என்னம்மா ஹால் சாப்பாடு நல்லாருக்கு போல. தீபாவளிக்கு அத்தை உன் கையப் புடிச்சு அளந்து பாத்தாங்கன்னு எழுதியிருந்தியே, படிக்கும்போது எனக்கே சுருக்குன்னுச்சு. சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஆமா அத்தை பரீட்சை நேரம், உங்க மூட்டு வலி எப்படி இருக்குன்னு கேளு, அடுத்த இருபது நிமிஷம் மூட்டு வலிதான் ஓடும். ஆனா அம்மாகிட்ட வேற மாதிரி பேசு, தனியா, அவங்க உக்காந்திருக்கும்போது, அம்மா எனக்கு ரெண்டு மாசமா பீரியட் வரல, சாப்பாட்டு விஷயத்துல கஷ்டமா இருக்கு, எல்லார் முன்னாடியும் என் எடையப் பத்திப் பேசாதீங்கன்னு. பயந்துதான் போவாங்க, பரவால்ல.

ஒரு விஷயம் நான் கேட்டே ஆகணும். லண்டன்ல 1999ல உருவாக்குன ஒரு சின்னக் கேள்வித்தாள், அஞ்சே கேள்வி, நாங்க இன்னும் பயன்படுத்தறோம். வயிறு ரொம்பிக் கஷ்டமா இருக்குன்னு நீயே வாந்தி எடுக்கறியா, எவ்வளவு சாப்பிடறோம்ங்கறது கைய விட்டுப் போயிடுச்சுன்னு கவலையா, மூணு மாசத்துல ஆறு கிலோவுக்கு மேல குறைஞ்சியா, மத்தவங்க ஒல்லின்னு சொல்லும்போதும் நீ குண்டுன்னு நம்பறியா, சாப்பாட்டு நெனப்புதான் வாழ்க்கையவே ஆளுதா. ரெண்டுக்கு ஆமான்னா ஒருத்தரப் போயிப் பாக்கணும். உனக்கு ரெண்டாவதும் அஞ்சாவதும் நீ எழுதுனத வச்சே ஆமாங்கறேன். இதுக்குப் பேரு வைக்கறது என் வேலை இல்ல, ஆனா தனியாத் தள்ளிக்கிட்டே போகாத. உன் யூனியிலயே கவுன்சலிங் இருக்கு, ஐஎம்எச் (மனநல ஆஸ்பத்திரி) நடத்தற சாட்ங்கற மையம் 16லருந்து 30 வயசுக்காரங்களுக்கு, ரகசியமா இலவசமாப் பாப்பாங்க. உணவுக் கோளாறுக்குன்னே தனிப் பிரிவு சிங்கப்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரியில இருக்கு, டாக்டர் கடிதம் வாங்கிட்டுப் போகலாம். வாந்தி எடுக்க ஆரம்பிச்சாலோ மயக்கமா வந்தாலோ படபடன்னு அடிச்சாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காத, அன்னைக்கே போ. ராத்திரி மனசு ரொம்ப தாங்கலன்னா 1771, உயிரே வேண்டாம்னு தோணுனா 1767, ரெண்டும் 24 மணி நேரமும் எடுப்பாங்க.

எடை இறங்குமான்னா, சாப்பாடும் தூக்கமும் ஒழுங்கானா சில பேருக்கு மெதுவா இறங்கும், சில பேருக்கு அங்கயே நிக்கும், முதல் மூணு வாரம் ஒரு கிலோ ஏறவும் ஏறலாம், பயந்து திரும்பப் பட்டினிக்குப் போயிடாத. டிசம்பருக்குள்ள 58 வரும்னு நான் சொல்ல மாட்டேன். ப்ளவுஸ் அளவ இப்ப இருக்கற உடம்புக்கே குடு, தேக்கா பக்கம் தைக்கறவங்ககிட்ட ரெண்டு ஓரமும் தாராளமா துணி விடச் சொல்லு, கையப் பிடிக்காம இருக்கணும்னு சொல்லு, அன்னைக்கு நீ தட்டு தூக்கணும், அக்காவுக்கு ஓடியாடி வேலை பாக்கணும், மூச்சு முட்ட நிக்க முடியாது.

டாக்டரப் பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எழுது. கூடவே மூணு நாளைக்கு காலையில என்ன சாப்பிட்டேன்னு மட்டும் எழுது, கலோரி வேண்டாம், கிலோ வேண்டாம், ராத்திரி கணக்கும் வேண்டாம்.